நாய் செவி கொடுக்குமா?

நாயைப் பற்றி நம் முன்னோர் வழங்கிய பழமொழிகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை நாய்க்கு நற்பெயர் தருவன அல்ல. குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் குணத்தை விடாது என்பர். அதன் வாலை நிமிர்த்த முடியாது என்பர். விலங்குகளைப் பழக்குவது பற்றிய பழமொழியோ இன்னும் கடுமையானது. அடியாத மாடு படியாது என்பது அது. இக்கூற்றுக்களின் உண்மையைச் சோதித்துப் பார்ப்பதற்கு வாய்ப்பான ஒரு சிறு கருமம் நாய் வளர்க்கும் வீடுகளிலெல்லாம் உண்டு. நாயின் காதைத் துப்புரவு செய்தலே அக்கருமம். அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகிறேன்.

ஒரு வீட்டை மனத்திற் கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை நேரம். நீண்டு தொங்கும் காதுகளையுடைய கொக்கர் ஸ்பானியல் நாயொன்று விறாந்தையிற் படுத்திருக்கிறது. வீட்டுத் தலைவி பஞ்சையும் மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வருகிறார். போத்தலைக் கண்ட மாத்திரத்தே நாய் எழுந்தோடிக் கட்டிலின் கீழ்ப் புகுந்து விடுகிறது. மூத்த மகன் கழுத்துப்பட்டியைப் பிடித்து அதனை இழுத்து வருகிறான். தந்தையார் முன்னங்கால்களை அமுக்கிக் கொள்கிறார். இளைய மகள் தலையைப் பிடிக்கிறாள். நாய் உறுமுகிறது, உடனே அதற்கு ஓர் அதட்டலும் ஓர் அடியும் கிடைக்கின்றன. மருந்து பாதி காதிலும் பாதி தரையிலுமாகச் சிந்துகிறது. அடுத்த ஞாயிறன்று, அலுமாரி திறக்கும் ஓசை கேட்டதுமே நாய் மறைந்து விடுகிறது. அதற்கடுத்த ஞாயிறன்று, இளைய மகளின் கையிற் பல் பதிந்து விடுகிறது. நாய் கெட்டுப்போய்விட்டது என்று வீட்டார் முடிவு செய்கின்றனர்.

நேயர்களே, அந்த நாய் கெட்டுப்போகவில்லை. அது பாடத்தை நன்றாகவே கற்றிருக்கிறது. போத்தல் வந்தால் நோவு வரும் என்று கற்றது. உறுமிச் சொன்னாற் கேட்பாரில்லை என்று கற்றது. பல்லைப் பதித்தாற் கை விலகும் என்று கற்றது. இப்பாடங்களைக் கற்பித்தவர்கள் அவ்வீட்டாரே. இதனை அவ்வளவு விரைவிற் கற்ற விலங்கு, வேறொரு பாடத்தையும் கற்கும் என்பதில் ஐயமில்லை. அந்த வேறு பாடத்தை எவ்வாறு கற்பிப்பது என்பதற்கு முன்னர், காதைப் பற்றிச் சில செய்திகளை அறிந்து கொள்வோம்.

நாயின் செவிக்குழாய் நம்முடையதைப் போன்றதன்று. நம் செவிக்குழாய் ஏறத்தாழ நேராக உள்ளே செல்கிறது. நாயின் செவிக்குழாயோ முதலிற் செங்குத்தாகக் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் ஒரு வளைவில் உள்நோக்கித் திரும்பி, செவிப்பறையைச் சென்று அடைகிறது. வளைந்த இக்குழாயில் நீரும் அழுக்கும் தங்கினால் எளிதில் வெளிவரா. தொங்கு காதாயின் மேலே மூடியிட்டது போன்று காற்றோட்டமும் குறைந்துவிடும். வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நம் நாட்டில், கடலிலோ குளத்திலோ நீந்தும் நாய்களுக்கும், மழைக்காலத்தில் நனைந்து திரியும் நாய்களுக்கும் காது நோய் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இத்தகைய இடத்திலே பற்றீரியாவும், மலசீசியா எனப்படும் மதுவ இனமும் பெருகுகின்றன. தோலில் ஏற்படும் ஒவ்வாமையும், காதில் வாழும் மிக நுண்ணிய சிற்றுண்ணிகளும் இந்நோயைத் தொடக்கி வைப்பதுண்டு.

இவ்வாறு கூறுவதனால், எல்லா நாய்களுடைய காதுகளையும் நாள்தோறும் கழுவ வேண்டும் என்று எவரும் கொள்ளலாகாது. நலமுள்ள காது தன்னைத் தானே துப்புரவு செய்து கொள்கிறது. குழாயின் உட்புறத் தோல் மெல்ல மெல்ல வெளிநோக்கி நகர்ந்து அழுக்கையும் மெழுகையும் வெளியே கொண்டு வருகிறது. ஆதலால் வாரம் ஒரு முறை மடலைத் தூக்கிப் பார்த்தலும் முகர்ந்து பார்த்தலும் போதும். உள்ளே இளஞ்சிவப்பாகவும், நாற்றமின்றியும் இருக்குமாயின் அதனை அப்படியே விட்டுவிடுதல் நன்று. தேவையின்றிக் கழுவுவதாற் குழாயின் தோல் ஊறிப் புண்படும். அழுக்குச் சேர்ந்திருக்கும்போதும், நீந்திய பின்னரும், மிருக வைத்தியர் சொல்லும்போதுமே கழுவுதல் வேண்டும்.

இனி, மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. நாய் ஓயாது தலையை உதறுதல், காதைக் காலாற் சொறிதல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருத்தல், காதிற் கெட்ட நாற்றம், கபில நிறமான அல்லது சீழ் போன்ற கசிவு, தொட்டால் வீரிடுதல் என்னும் அறிகுறிகளில் ஏதேனும் தோன்றினால், போத்தலை எடுக்கற்க. மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க. வைத்தியர் விளக்குப் பொருத்திய கருவியினால் உள்ளே நோக்கி, செவிப்பறை கிழியாதிருக்கிறதா என்று பார்ப்பார். செவிப்பறை கிழிந்திருக்கும் வேளையிற் கண்ட மருந்தை ஊற்றினால், அது நடுச்செவிக்குட் சென்று, நாயைச் செவிடாக்கவும் நிலைதடுமாறி விழச் செய்யவும் கூடும். தலையை ஓயாது உதறும் நாய்க்கு மடலினுள்ளே குருதிக் குழாய் வெடித்து, மடல் பை போல வீங்கிவிடுவதும் உண்டு. வீட்டிலுள்ள தேங்காயெண்ணெய், வினாகிரி, ஸ்பிரிட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு முதலியவற்றை வைத்தியர் சொல்லாமல் ஊற்றுதல் ஆகாது. குச்சியிற் சுற்றிய பஞ்சைக் குழாய்க்குள் விடுதலும் ஆகாது. அது அழுக்கை வளைவுக்கு அப்பால் தள்ளிவிடும்.

நோவுள்ள காதைத் தொட்டு நாயைப் பழக்க முயல்வது வீண். நாம் தரும் உணவின் இன்பத்தைக் காதின் நோவு வென்றுவிடும். ஆகவே முதலில் நோய் தீரட்டும். பின்னர்ப் பழக்கம் தொடங்கட்டும். காது நோயோ திரும்பத் திரும்ப வரும் இயல்பினது. எனவே நலமாயிருக்கும் காலத்திற் பழக்கி வைத்தால், அடுத்த முறை நோய் வரும்போது அதன் பயன் தெரியும்.

அச்சத்தை எவ்வாறு மாற்றுவது? இதற்கு விடை கூறுவோர் உருசிய அறிஞர் இவான் பாவ்லொவிலிருந்து தொடங்குவது வழக்கம். சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அவர், உணவுக்கு முன்னர் ஓர் ஓசையைத் தவறாது எழுப்பி வந்தால், நாளடைவில் அவ்வோசை ஒன்றே நாயின் வாயில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் என்பதைக் காட்டினார். பின்னர் 1924 ஆம் ஆண்டில், அமெரிக்க உளவியலாளரான மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் ஒரு குழந்தையின் அச்சத்தை நீக்கிய வரலாற்றை வெளியிட்டார். பீற்றர் என்று அவர் பெயரிட்டு எழுதிய அச்சிறுவனுக்கு வயது மூன்றும் நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அஞ்சினான். பஞ்சைக் கண்டாலும் அஞ்சினான். அவன் விருப்பமான உணவை உண்டுகொண்டிருக்கும்போது, கூட்டிலடைத்த முயலை முதலில் எட்டத்தில் வைத்து, அவனுக்கு மனக்குலைவு உண்டாகாத அளவிற் சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டு வந்தார்கள். ஈற்றில் அம்முயல் தன் விரலைக் கொறிப்பதற்கும் அவன் இடங்கொடுத்தான். முயலை விரைந்து கிட்டக் கொண்டு வந்திருந்தால், முயலின் மீதிருந்த அச்சம் உணவின் மீதும் பரவியிருக்கக் கூடும்.

நாயின் காதுக்கு வேண்டிய முறை முழுவதும் இவ்வரலாற்றில் அடங்கியிருக்கிறது. அஞ்சும் பொருளைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தல் ஒன்று. ஒவ்வொரு பகுதியையும் அச்சம் தோன்றாத அளவிற் காட்டுதல் இரண்டு. காட்டியவுடன் நல்லதொன்றைக் கொடுத்தல் மூன்று. இம்மூன்றில் ஒழுங்கு முறை மிகவும் முக்கியம். முதலிற் கை காதைத் தொட வேண்டும். அதன் பின்னரே உணவு வர வேண்டும். உணவை முதலிற் காட்டிவிட்டு, நாய் அதனை நாடி வந்ததும் காதைப் பற்றினால், அந்த உணவையே நாய் ஐயுறத் தொடங்கும்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, இடம். பழைய ஞாயிற்றுக்கிழமைக் காட்சி நடந்த இடத்தை விட்டு வேறோர் இடத்தைத் தெரிந்துகொள்க. வழுக்காத பாயோ சாக்கோ விரித்து, அதன்மேல் நாய் வந்து நின்றால் உணவு கொடுத்து வருக. சில நாட்களில், பாயை விரித்ததும் நாய் தானாகவே ஓடி வந்து நிற்கும். உணவென்பது பெரும் படையலன்று. உப்பும் உறைப்பும் இடாது அவித்த கோழி இறைச்சியையோ முட்டையையோ கடலை அளவினதான துண்டுகளாக்கினாற் போதும். வெங்காயம், உள்ளி, திராட்சை, சொக்லேட் ஆகியன நாய்க்கு நஞ்சாதலால் அவற்றைக் கிட்டவும் கொண்டு வரலாகாது.

இரண்டாவது, நாடியைத் தாங்கல். தாழ்ந்த கதிரையொன்றின் மேல் மடித்த துவாயை வைத்து, நாய் தன் நாடியை அதன்மீது வைக்கும்படி பழக்குக. உணவுத் துண்டினால் வழிகாட்டி, நாடி துவாயிற் பட்டதும் கொடுக்க வேண்டும். பின்னர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துள் எண்ணும் வரை அது நாடியை வைத்திருந்தால் கொடுக்க வேண்டும். இப்படியாகப் பத்து வரை எண்ணும் அளவிற்கு அது பழகிக் கொள்ளட்டும்.

இந்த இரண்டாம் படியே இம்முறையின் உயிர்நிலை. ஏனெனில் இதனால் நாய்க்கு ஒரு மொழி கிடைக்கிறது. நாடி துவாயின் மேல் இருக்கும் வரை, தொடலாம் என்பது அதன் பொருள். நாடியை எடுத்துவிட்டால், நிறுத்துக என்பது பொருள். நாம் அப்பொழுதே கையை எடுத்துவிட வேண்டும். அதட்டுதலும் வேண்டாம், இழுத்து வைத்தலும் வேண்டாம். சற்றுப் பொறுத்தால் அது மீண்டும் நாடியை வைக்கும். வையாதாயின் அன்றைய பாடம் அத்துடன் முடியட்டும். விலகிச் செல்லலாம் என்று அறிந்த நாய், விலகிச் செல்வது குறைந்து வருவதைக் காண்பீர்கள். தப்புவதற்கு வழியில்லை என்று கண்ட நாயே கடிக்கிறது.

மூன்றாவது, கை. நாடி தங்கியிருக்கும்போது தோளைத் தொட்டு, கையை எடுத்து, உணவு கொடுக்க. அடுத்து கழுத்து, அடுத்து கன்னம், அடுத்து காதின் அடிப்புறம். ஒவ்வொன்றும் ஒரு செக்கன் அளவே. பின்னர் மடலை இரு விரலாற் பிடித்தல், தூக்குதல், உள்ளே பார்த்தல் என்று செல்லலாம். ஓரிடத்தில் நாய் தயங்குமாயின் முந்திய இடத்துக்குத் திரும்பிச் செல்க. வலக்காது பழகிவிட்டதனால் இடக்காதும் பழகிவிட்டது என்று கொள்ளற்க. அதனைத் தனியே பழக்க வேண்டும்.

நான்காவது, பஞ்சு. அதனை நாய் முகரட்டும். பின்னர் மடலின் வெளிப்புறத்திற் படட்டும். அதன் பின்னர் உட்புறத்தை ஒரு முறை மெல்லத் துடைக்கலாம். ஐந்தாவது, போத்தல். முதலில் வெறும் போத்தலை எட்டத்தில் வைத்து, நாய் அதனைப் பார்த்ததும் உணவு கொடுக்க. பின்னர் அது நாளுக்கு நாள் கிட்ட வரலாம். போத்தல் திறக்கும் ஓசைக்கும், மருந்து குலுங்கும் ஓசைக்கும் தனித்தனியே பழக்க வேண்டும். மனிதர் செக்கனுக்கு 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியைக் கேட்க, நாய் 45,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையும் கேட்க வல்லது. நாம் பொருட்படுத்தாத ஓசைகளுக்கும் அது வெருள்வதில் வியப்பில்லை.

ஆறாவதாகவே மருந்து வருகிறது. மிருக வைத்தியர் தந்த துப்புரவுத் திரவத்தைப் போத்தலோடு இளஞ்சூடான நீரில் வைத்து, நம் உடற்சூட்டின் அளவுக்குக் கொண்டு வருக. குளிர்ந்த திரவம் காதிற் பட்டால் நாய் திடுக்கிடும். முதல் நாட்களில், திரவத்தில் தோய்த்த பஞ்சைக் காதின் வாயில் வைத்துப் பிழிந்தாற் போதும். அது பழகிய பின்னர்க் குழாய் நிறைய ஊற்றி, காதின் அடிப்புறத்தை 20 அல்லது 30 செக்கன் வரை வெளியிலிருந்து பிசைந்து கொடுக்க. பின்னர்க் கையை எடுத்துச் சற்றே விலகி நில்லுங்கள். நாய் தலையை உதறும். அவ்வுதறல் உள்ளேயிருக்கும் அழுக்கை மேலே கொண்டு வரும். விரலுக்கு எட்டுமளவில் உள்ளதைப் பஞ்சினால் துடைத்துவிட்டு, மிஞ்சிய உணவனைத்தையும் கொடுத்து, விளையாட விட்டுவிடுக.

ஒவ்வொரு பாடமும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேற்படல் ஆகாது. நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ செய்தால், சில நாய்கள் ஓரிரு வாரங்களிற் பழகிவிடும். நெடுங்காலம் அஞ்சிய நாய்க்குச் சில மாதங்கள் செல்லும். பழகிய பின்னரும், மருந்தின்றி வெறுங்கையால் விளையாட்டாகச் செய்யும் நாட்கள் பலவாகவும், மெய்யாகக் கழுவும் நாட்கள் சிலவாகவும் இருத்தல் வேண்டும்.

பழக்கம் முடியுமுன்னரே வைத்தியர் மருந்திடச் சொன்னால் யாது செய்வது என்ற கேள்வி எழும். அப்போது பழக்கும் பாயையும் துவாயையும் விட்டு, வேறோர் அறையில் வேறொரு விரிப்பின் மேல் அதனைச் செய்து முடிக்க. பாயைப் பற்றிய நல்லெண்ணம் அதனாற் கெடாது. பலவந்தம் செய்தன்றி மருந்திட முடியாத நாயாயின், அதனை வைத்தியரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும். பல நாட்கள் தங்கிப் பயன் தரும் மருந்தை வைத்தியரே இடுவதும், மயக்க மருந்து கொடுத்துக் காதைக் கழுவுவதும் இன்று உள்ள வழிகள்.

நாயின் முகத்தை வாசிக்கவும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். உணவில்லாத வேளையில் உதட்டை நக்குதல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெண்மை தெரியக் கடைக்கண்ணாற் பார்த்தல், வாலை ஒடுக்குதல், உடல் விறைத்து அசையாது நிற்றல் ஆகிய யாவும் அச்சத்தின் அடையாளங்கள். அசையாது நிற்கும் நாயைப் பார்த்து, பணிந்துவிட்டது என்று பலர் எண்ணுவர், அது பெருந்தவறு. உறுமலோ நாய் நமக்குத் தரும் இறுதி அறிவித்தல்களுள் ஒன்று. உறுமியதற்காக அடித்தால், அறிவிக்காமற் கடிக்கும் நாயையே நாம் உருவாக்குவோம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது எத்துணை ஆபத்தானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. காது கழுவும் வேலைக்குச் சிறுவர்களை உதவியாக வைத்திருத்தலும் கூடாது. கடி நேர்ந்துவிட்டால், அது வீட்டு நாயே ஆயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. விசர்நாய்க்கடி நோய் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. தோன்றுமுன் தடுத்தல் எளிது.

உணவு கொடுத்துப் பழக்குவது கைக்கூலி கொடுப்பதாகாதா என்று சிலர் வினவக்கூடும். கைக்கூலி வேலைக்கு முன்னே நீட்டப்படுவது. நாம் கொடுப்பது வேலைக்குப் பின்னே வரும் கூலி. உழைப்பவருக்குக் கூலி கொடுப்பதை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. இவ்வளவுக்கு நேரம் எங்கே என்று வேறு சிலர் வினவக்கூடும். நான்கு பேர் கூடி ஒரு நாயை அமுக்கிப் பிடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளையும், ஆறாத காது நோய்க்காக வைத்தியசாலைக்கு அலையும் நாட்களையும் கூட்டிப் பார்த்தால், நாளுக்கு மூன்று நிமிடம் மிகையன்று.

குட்டி வளர்ப்போருக்கு இவ்வேலை மிகச் சுலபம். அமெரிக்க அறிஞர்களான ஸ்கொட், புல்லர் ஆகிய இருவரும் 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 3 ஆவது வாரம் முதல் 12 ஆவது வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி உறவு பூண்டு பழகுவதற்கு ஏற்ற பருவம் என்று காட்டினர். இப்பருவத்தில் நாள்தோறும் ஒரு முறை காதைத் தூக்கிப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, பாதத்தைப் பிடித்துப் பார்த்து ஒரு துண்டு உணவு கொடுத்து வந்தால், வளர்ந்த பின்னர் வரும் தொல்லை பெரிதும் குறையும். வளர்ந்த நாயும், முதிய நாயும் கற்கும். காலம் மட்டும் சற்று மிகுதியாகும்.

செவி கொடுத்தல் என்றொரு தொடர் நம் மொழியில் உண்டு. பிறர் சொல்வதை மதித்துக் கேட்டல் என்பது அதன் பொருள். நாய் தன் செவியை நமக்குக் கொடுக்க வேண்டுமாயின், அது உதட்டை நக்கியும் முகத்தைத் திருப்பியும் நாடியை எடுத்தும் சொல்வதற்கு நாம் முதலிற் செவி கொடுத்தல் வேண்டும். அவ்வாறு செவி கொடுக்கும் வீட்டில், அடியாத நாயும் படியும். அதன் காதும் நலமாயிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் கையும் நலமாயிருக்கும்.